சாறும் கனியும் பிரியாதிருக்க

கொழுக்கட்டைக்கும் சோமாசுக்கும் பூரணம் செய்து பழகிய நம் இல்லத்தரசியர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பூரணம் நீர்த்திருந்தால் மேல்மாவு நைந்துபோகும். வறண்டிருந்தாலோ உண்பவரின் தொண்டையை அடைக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தைக் கண்டுகொள்வதையே கைப்பக்குவம் என்கிறோம். ஆங்கிலேயர் தம் இல்லங்களில் செய்யும் ‘ஆப்பிள் பை’ என்னும் பண்டத்திலும் சிக்கல் இதுவே. ‘பை’ என்றதும் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்லும் துணிப்பை நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அது முற்றும் பொருந்தாத எண்ணமும் அன்று. வெண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவைத் தட்டில் விரித்து, ஆப்பிள் துண்டங்களை அதனுள் நிறைத்து, மற்றொரு மாவுத் தகட்டால் மூடிச் சுட்டெடுக்கும்போது, அது கனியையும் சாற்றையும் தாங்கும் ஒரு பையாகவே ஆகிவிடுகின்றது.

இப்பண்டம் நேற்று இன்று தோன்றியதன்று. 14 ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஆங்கிலச் சமையற் குறிப்பு ஒன்றிலேயே இது இடம்பெற்றுள்ளது. ஆப்பிளோடு அத்திப்பழம், உலர்ந்த திராட்சை, பேரிக்காய், குங்குமப்பூ ஆகியவற்றை அக்குறிப்பு சேர்க்கச் சொல்கிறது; சர்க்கரையைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்நாளில் அங்கே சர்க்கரை செல்வர்க்கே கிட்டிய அரும்பொருள். இனிப்பைக் கனிகளே தந்தாக வேண்டியிருந்தது.

நாங்கள் கணவனும் மனைவியுமாக, மகனது குடும்பத்தோடு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்சயர் வட்டாரத்தில் வாழ்ந்து வருகிறோம். ஆப்பிள் பைக்கு உகந்ததென அந்நாட்டவர் போற்றும் ‘பிராம்லி’ என்னும் சமையல் ஆப்பிள் தோன்றியது இவ்வட்டாரத்தில்தான். சௌத்வெல் என்னும் சிற்றூரில், 1809 ஆம் ஆண்டில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஆப்பிள் விதைகளை ஊன்றினாள். அவற்றுள் ஒன்று மரமாயிற்று. 1846 இல் அவ்வீட்டை மாத்யூ பிராம்லி என்னும் இறைச்சிக் கடைக்காரர் விலைக்கு வாங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் அம்மரத்தின் கிளைகளை ஒட்டுக்கட்டிப் பெருக்க அனுமதி வேண்டினார். தம் பெயரையே பழத்துக்குச் சூட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு பிராம்லி இசைந்தார். விதை ஊன்றிய சிறுமியின் பெயர் பழத்துக்கு வாய்க்கவில்லை. ஆப்பிள் விதை தாய்மரத்தை அப்படியே ஈனுவதில்லை; ஒவ்வொரு விதையும் புதியதொரு மரம். ஆகவே இன்று உலகிலுள்ள பிராம்லி மரங்கள் யாவும் அந்த ஒரே மரத்தின் ஒட்டு வழிவந்தவை.

பச்சை நிறமும் பெருத்த உருவமும் கொண்ட இப்பழத்தைப் பச்சையாகக் கடித்தால் பல் கூசும். மாலிக் அமிலம் இதில் மிகுதி, இனிப்போ குறைவு. ஆயின் அடுப்பில் ஏறியதும் இதன் சதை நெகிழ்ந்து, நுரைபோல் பொங்கிக் குழைந்துவிடும். உண்ணும் ஆப்பிள்களுள் பல வெந்த பின்னும் துண்டமாகவே நிற்பவை. இவ்வேறுபாடே எங்களுக்கு ஒருநாள் பெருந்துணையாயிற்று.

2022 ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் அது. எங்கள் அண்டை வீட்டில் எண்பது வயதைக் கடந்த ஆங்கில மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்ந்தார். அவருடைய கணவர் பக்கவாதத்தால் தாக்குண்டு முதியோர் காப்பகம் ஒன்றில் இருந்தார். அவர்தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு பிராம்லி மரம் உண்டு. மணம் முடித்த நாள்தொட்டு ஆண்டுதோறும் அம்மரத்துப் பழங்களால் மனைவி பை செய்வதும், கணவர் முதல் துண்டத்தை உண்டு கருத்துரைப்பதும் அக்குடும்பத்தின் வழக்கமாம். அவ்வாண்டும் மரம் காய்த்துக் குலுங்கிற்று. ஆனால் மூட்டுவாதத்தால் மூதாட்டியின் விரல்கள் மடங்கிப்போயிருந்தன. கத்தியைப் பிடிக்க இயலவில்லை. கணவருக்கோ விழுங்கும் ஆற்றல் குன்றியிருந்தது.

விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்கு உணவே பகையாகக்கூடும் என்பதை நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். மாவின் உதிரித் துகள்கள் தொண்டையில் சிக்கும். நீர்த்த சாறு அதனினும் கொடிது. தளர்ந்த தொண்டை தன்னை மூடிக்கொள்ளுமுன் அது விரைந்து வழிந்து, மூச்சுக்குழலில் இறங்கி, நுரையீரலில் நோயை உண்டாக்கும். துண்டமும் நீரும் கலந்த உணவு இவ்விரு இடர்களையும் ஒருசேரத் தரும். எனவே விழுங்கும் பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளர் ஒரு வரையறை விதித்தார்: மேல்மாவு கூடாது, தோலோ கட்டியோ இருத்தல் ஆகாது, பிசின்போல் ஒட்டலாகாது, பூரணத்தினின்று நீர் தனியே பிரிந்து நிற்றலும் ஆகாது.

“வறண்டதைக் கொடுத்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்; சாறு இருக்கத்தான் வேண்டும்” என்றார் மூதாட்டி. அவர் நாற்காலியில் அமர்ந்து வழிகாட்ட, எங்கள் கைகள் வேலை செய்தன. அன்று நாங்கள் கற்ற முறையை வாசகர்க்குத் தருகிறோம்.

பிராம்லி ஆப்பிள் 1 கிலோ, சர்க்கரை 150 கிராம், வெண்ணெய் 30 கிராம், அரை எலுமிச்சம்பழத்தின் சாறு, கால் தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு ஆகியன போதும். பழங்களைக் கழுவித் தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, அரை அங்குலத் துண்டங்களாக நறுக்குக. காற்றுப் பட்டுக் கறுக்காதிருக்க எலுமிச்சைச் சாற்றை உடனே பிசறுக.

தோலையும் நடுத்தண்டையும் எறிந்துவிடலாகாது. பழக்கூழை இறுகச் செய்யும் ‘பெக்டின்’ என்னும் பொருள் அப்பகுதிகளில்தான் மிகுதியாக உள்ளது. அவற்றை 300 மில்லி நீரில் இருபது நிமிடம் மெல்லக் கொதிக்கவைத்து வடிகட்டுக. இதற்கிடையே துண்டங்களில் சர்க்கரையையும் உப்பையும் தூவி முக்கால் மணி நேரம் மூடிவைத்தால், சர்க்கரை பழத்தின் நீரை வெளியே ஈர்த்துவிடும். பழத்தின் எடையில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் மேலாக நீரே என்பதை நினைவிற் கொள்க. இந்நீர் அடுப்பினுள் தன் விருப்பம்போல் வெளியேறுவதனாலேயே பை நனைந்து கெடுகின்றது.

ஊறிய சாற்றைத் தனியே வடித்து, தோல் வேகவைத்த நீரோடும் வெண்ணெயோடும் கலந்து, கரண்டியின் பின்புறத்தில் படியும் பாகாக வற்றச் செய்க. பிறகு துண்டங்களையும் பட்டைத்தூளையும் அதில் இட்டு, மூடி, இளந்தீயில் பத்து நிமிடம் வேகவிடுக. சாற்றில் ஒரு துளியும் வீணாகாது. சுவை முழுவதும் பூரணத்திலேயே தங்கிவிடும்.

பையாகச் செய்வோர் பூரணத்தை நன்கு ஆறவிட்ட பின்னரே மாவினுள் நிரப்புக. மேல்மாவில் ஆவி போகச் சிறு கீறல்கள் இடுக. சுட்டெடுத்தபின் இரண்டு மணி நேரமேனும் பொறுத்திருந்தே வெட்டுக. பெக்டின் ஆறும்போதுதான் இறுகும். பொறுமையற்றவர் தட்டில் சாறு ஓடும். துண்டங்கள் சற்றே நின்றால் நலம் என்போர், பாதிக்குப் பாதி ‘காக்ஸ்’ போன்ற உண்ணும் ஆப்பிளைக் கலந்துகொள்ளலாம்.

நாங்கள் செய்ததோ மாவில்லாத பூரணம். குழைந்த பழத்தை நுண்ணிய சல்லடையில் இருமுறை தேய்த்து மென்மையாக்கினோம். கெட்டிப்படச் சோளமாவு கலக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றிற்று. சிகிச்சையாளர் அதனை விரும்பவில்லை. உமிழ்நீரிலுள்ள நொதி மாச்சத்தைச் சிதைக்குமாதலால், கெட்டியான உணவு வாயிலேயே நீர்த்துப்போகலாம் என்றார். பெக்டினை உமிழ்நீர் அவ்வாறு சிதைப்பதில்லை. காப்பகத்தில் தாதி ஒருவர் கரண்டியில் பூரணத்தை அள்ளிச் சாய்த்துப் பார்த்தார். அது குவியலாய் நின்று, பின் ஒட்டாமல் ஒரே திரளாய் நழுவியது. கிண்ணத்தின் ஓரத்தில் நீர் கசியவில்லை. உண்ணத் தகும் என்று இசைவு தந்தார்.

மூதாட்டியின் மடங்கிய விரல்களால் சிறு கரண்டியை மட்டும் பற்ற முடிந்தது. நாங்கள் சற்று விலகி நின்றோம். முதியவர் முதற் கரண்டியை வாயில் நெடுநேரம் வைத்திருந்தார். எங்களுக்கு அச்சமே மேலிட்டது. பின்னர் விழுங்கினார், இருமவில்லை. ஏழு கரண்டி உண்டார். பேச்சிழந்திருந்த அவர், மனைவியின் மணிக்கட்டைத் தம் இடக்கையால் இருமுறை தட்டினார். “புளிப்பு போதாது என்கிறார், எப்போதும் இதையேதான் சொல்வார்” என்று மொழிபெயர்த்தார் மூதாட்டி. நாங்கள் நால்வரும் நகைத்தோம்.

எஞ்சிய பழங்களையெல்லாம் அவ்வாறே கூழாக்கி, சிறு கிண்ணங்களில் உறையவைத்தோம். குளிர்காலம் முழுதும் வாரந்தோறும் ஒரு கிண்ணம் காப்பகத்துக்குச் சென்றது. உருக்கியபின் ஒவ்வொரு முறையும் கரண்டிச் சோதனை நடந்தது. நீர் பிரிந்திருந்தால் மீண்டும் வற்றவைத்தே கொடுத்தோம். புளிப்பு மட்டும் சற்றுக் கூட்டப்பட்டது. அடுத்த வசந்தத்தில் அம்மரம் பூத்தபோது முதியவர் உயிரோடு இல்லை. உறைபெட்டியில் மூன்று கிண்ணங்கள் எஞ்சியிருந்தன. அவற்றை என்ன செய்வதென்று நாங்கள் வினவவில்லை. ஒருநாள் மூதாட்டியே எங்களை அழைத்தார். மூன்று கிண்ணங்களையும் எங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளித்து, தாமும் உடனமர்ந்து உண்டார்.

நம் வீடுகளிலும் விழுங்க இயலாத முதியோர் பலர் உள்ளனர். ‘இனி அவருக்கு ருசி எதற்கு?’ என்று கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது நம்மிடையே எளிதில் நேர்வது. மருத்துவரையும் விழுங்கும் பயிற்சியாளரையும் முதலில் கலந்துகொள்ளுங்கள். அவர்கள் விதிக்கும் பதத்தை மீறாதீர்கள். அந்தப் பதத்திற்குள் அவர் விரும்பிய சுவை எதையேனும் கொண்டுவர இயலுமா என்று அவர்களிடமே கேளுங்கள். ஒரு பிற்பகல் நேரமும், ஒரு சல்லடையும், சிறிது பொறுமையும் அதற்குப் போதுமானவை.