சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. நான் சந்திக்கும் அக்கா ஒருவர், வெளிநாட்டிலுள்ள மகனின் அழைப்புக்காகவே கைத்தொலைபேசி வைத்திருந்தார். "இரண்டு மணித்தியாலம் போட்டும் பாதிகூட ஏறேல்லை, பிள்ளை" என்றார். பற்றறி பழுது, மாற்றுங்கள் என்றேன். அவரோ தோட்டை அடகு வைக்கத் துணிந்தார்.

பதறிப்போய்ச் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். 5 வோல்ற்று, 1 அம்பியர். அதாவது 5 வாற்று. தொலைபேசி 18 வாற்று ஏற்கக்கூடியது. எனது 18 வாற்று சார்ஜரைப் பொருத்தினோம். ஒரு மணித்தியாலத்திலேயே பாதிக்கு மேல் ஏறியது. தோடு தப்பியது.

சகோதரிகளே, தொலைபேசி, சார்ஜர் இரண்டும் ஒத்துப்போனால்தான் விரைவாக ஏறும். 80 வீதத்தின் பின் வேகம் தானாகவே குறையும். அது பற்றறியின் பாதுகாப்புக்கே. மின்சாரம் சொற்ப நேரமே வந்தால், நூறு வரை காத்திராதீர்கள்.

பார்க்காமல் ஆலோசனை சொல்வதை அன்றோடு விட்டேன்.