கூண்டின் மேல் ஏறும் பாரம்

திருவண்ணாமலையை வெளியூரார் மலையையும் கோபுரத்தையும் கொண்டே அறிவர். 2,668 அடி உயரமுள்ள மலையும், அதன் அடிவாரத்தில் 217 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் கிழக்கு ராஜகோபுரமும் பல மைல் தொலைவிலிருந்தே கண்ணில் படுகின்றன. ஆயினும் இவ்வூருக்கு இன்னொரு முகமும் உண்டு. இது சாலைகள் சந்திக்கும் ஊர். கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம் வழியாக வரும் நெடுஞ்சாலை இங்கே நின்று, பின் செஞ்சியைக் கடந்து திண்டிவனம் செல்கிறது. வேலூரிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையும் இவ்வூரைத் தொட்டே போகிறது. 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தனி மாவட்டத்தின் தலைநகரானபின் போக்குவரத்து மேலும் பெருகிற்று. வண்டிகள் பெருகிய இடத்தில் பட்டறைகள் பெருகுவது இயல்புதானே!

பௌர்ணமி நாட்களில் மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் வழியில் நடப்பதற்காகப் பெருந்திரளான மக்கள் வந்து கூடுகின்றனர். கார்த்திகைத் தீபத்தின்போது வரும் கூட்டத்துக்கோ கணக்கில்லை. அந்நாட்களில் சாலையோரம் நின்று வேன்களின் தலையைப் பாருங்கள். மூட்டைகள், அண்டாக்கள், சுருட்டிய பாய்கள், அடுப்பு, விறகு என ஒரு குடித்தனமே கூரைமேல் ஏறியிருக்கும். நம் வீட்டுத் திருமணங்களுக்குச் செல்லும் வண்டிகள் மட்டும் என்ன குறைவு? கட்டிலும் பீரோவும் மேலே. பெண்களும் பிள்ளைகளும் கீழே. மேலே இருப்பதை எது தாங்கி நிற்கிறது என்று உள்ளே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

இவ்வினாவுக்கு விடை தேடும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. இந்நகரில் வசிக்கும் என் மைத்துனர் திருமணங்களுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறார். ஐந்து பேர் அமரும் அறையும் பின்னால் திறந்த தொட்டியும் கொண்ட பொலேரோ கேம்பர் வண்டி அவருடையது. தேக்சாக்களும் மளிகையும் மழையில் நனையாதிருக்கத் தொட்டியின் மேல் ஃபைபர் கூண்டு ஒன்றைப் பொருத்தியிருந்தார். அந்தக் கூண்டின் மேல் கேரியர் ஒன்றையும் அமைத்துவிட்டால் விறகை அதில் ஏற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. செங்கம் சாலைப் பக்கம் இருந்த ஒரு பட்டறைக்கு அவருடன் நானும் சென்றேன்.

பட்டறை மேஸ்திரி கூண்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். “பாய், இது மழைக்குப் பிடிக்கிற குடை. குடைமேலே யாராவது விறகு அடுக்குவாங்களா?” என்று கேட்டார்.

அவர் விளக்கியதன் சாரம் இது: ஃபைபர் கூண்டு என்பது சில மில்லிமீட்டர் கனமே உள்ள ஓடு. அதில் துளையிட்டுக் கேரியரின் காலை நேராக முடுக்கினால், பாரம் முழுவதும் அந்தத் துளைகளின் விளிம்பிலேயே இறங்கும். வண்டி குலுங்கக் குலுங்க விளிம்பில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். விரிசல் வழியே நீர் கசியும். பின்னர் ஒருநாள் போல்ட் ஓட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். வண்டி நிற்கும்போது கூண்டு தாங்கும் எடை வேறு. ஓடும்போது தாங்கும் எடை வேறு. மேட்டிலும் பள்ளத்திலும் விழுந்தெழும்போது 50 கிலோ மூட்டை ஒரு கணம் 100 கிலோவாகக் கனக்கும் என்பதே காரணம்.

அம்பாஸடர் கார் ஓடிய காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 2014ஆம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன அந்தக் காரின் கூரை ஓரத்தில் மழைநீர் வடியும் இரும்புத் தடம் இருந்தது. கேரியரின் கால்கள் அந்தத் தடத்தைக் கவ்விக்கொள்ளும். கூரையில் ஒரு துளையும் இட வேண்டியதில்லை. இன்றைய கார்களுக்கு அத்தடம் இல்லை. ஃபைபர் கூண்டுக்கும் அத்தகைய வலிமை இல்லை.

அப்படியாயின் வழி என்ன? கூண்டின் உட்புறம் சதுர இரும்புக் குழாயால் மூன்று வளைவுகள் அமைத்து, அவற்றின் கால்களை வண்டித் தொட்டியின் இரும்புச் சுவரில் முடுக்க வேண்டும். மேலே உள்ள கேரியரின் போல்ட்டுகள் ஓட்டை ஊடுருவி இந்த வளைவுகளில் வந்து பொருந்த வேண்டும். அப்போது பாரம் ஓட்டில் தங்காது. குழாய் வழியே தொட்டிக்கும், அங்கிருந்து அடிச்சட்டத்துக்கும் இறங்கிவிடும். துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வாஷரும் நீர் கசியாத பசையும் இட வேண்டும். குலுங்கினாலும் தளராத நைலாக் நட்டு போட வேண்டும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும்.

இத்தனையும் செய்தபின்னும் விறகை மேலே ஏற்ற மேஸ்திரி இசையவில்லை. பாரம் உயர உயர வண்டியின் எடை மையமும் உயர்கிறது. போளூரிலிருந்து ஜவ்வாது மலைமீது ஜமுனாமரத்தூர் செல்லும் வளைவுகளில் தலை கனத்த வண்டி எந்தப் பக்கம் சாயும் என்பதை விளக்கவும் வேண்டுமோ? திடீரென்று பிரேக் போட்டால் கூரைமேலுள்ள 100 கிலோ பாரம் ஏறத்தாழ 70 கிலோ விசையுடன் முன்னோக்கிப் பாயும். வேகம் 40இலிருந்து 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு இரு மடங்கு அன்று, நான்கு மடங்காகிறது. பெரும்பாலான கார்களின் கையேட்டில் கூரைக்கு 50 முதல் 100 கிலோவுக்குள்தான் அனுமதி இருக்கும். கேரியரின் எடையும் அதில் அடக்கம்.

முடிவில் விறகும் தேக்சாவும் தொட்டியின் தரையிலேயே இடம் பிடித்தன. பந்தல் துணி, பிளாஸ்டிக் நாற்காலிகள் முதலிய இலேசான பொருள்கள் மட்டுமே மேலே ஏறின. அவற்றையும் குறுக்கே மட்டும் கட்டாமல், முன்னும் பின்னும் இழுத்துக் கட்டும்படி மேஸ்திரி காட்டிக் கொடுத்தார். மைத்துனருக்குச் செலவு சற்றுக் கூடியது. ஆனால் அந்த வண்டியின் முன்னறையில் அவர் பிள்ளைகளும் பயணம் செய்கிறார்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம். 123ஆம் பிரிவின்படி வண்டியின் கூரைமேல் எவரும் பயணம் செய்யக் கூடாது. அனுமதித்த உயரத்தையோ அகலத்தையோ மீறிப் பாரம் நீட்டிக்கொண்டிருந்தால், 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி அபராதம் 20,000 ரூபாய்.

வாசக சகோதர சகோதரிகளே! வண்டியில் ஏறும் ஒவ்வோர் உயிரும் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த முறை திருமணத்துக்கோ வீடு மாற்றவோ வண்டி பேசும்போது, வாடகையோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்: மேலே உள்ள கேரியரின் கால்கள் எதில் நிற்கின்றன? அது எத்தனை கிலோ தாங்கும்? கனமான பொருள்களுக்குக் கீழே இடம் உண்டா? மூன்றுக்கும் தெளிவான விடை சொல்லும் வண்டியில் பிள்ளைகளை ஏற்றுங்கள்.