மாமா, எட்டு!

அமெரிக்கா போகிறவர்கள் டிஸ்னிலேண்ட் பார்ப்பார்கள். நான் ஒரே ஓக் மரத்தை மூன்று தடவை அடித்துவிட்டு வந்தேன். எல்லாம் அத்தானால் வந்த வினை.

போன வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் அக்கா வீட்டில் இருந்தேன். "ரசம் சாதம் சாப்பிட்டுத் தூங்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? ஞாயித்துக்கிழமை டிஸ்க் கோல்ஃப் போட்டி. அமெச்சூருங்கதான். உன் பேரைக் குடுத்துட்டேன்" என்றார் அத்தான்.

கோல்ஃப் தெரியுமல்லவா? பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் ஒரு கம்பம், அதில் தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கூடை. எத்தனை வீச்சில் தட்டைக் கூடைக்குள் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. குறைந்த வீச்சுக்காரர் ஜெயித்தார்.

இடம், பாஸடினா பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஓக் குரோவ் பூங்கா. சாதாரண இடமில்லை சார்! 1975-ல் உலகத்தின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் அமைந்தது இங்கேதான். அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஆரம்பத்தில் மரங்களும் கம்பங்களும்தான் இலக்கு. 'பட்டுது', 'படலை' என்று சண்டை வர, மனுஷர் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்து 1977-ல் பேடண்ட் வாங்கினார். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் செய்தார்களாம்!

பூங்காவுக்கு அடுத்தாற்போல நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபரட்டரி. அதே 1977-ல் வாயேஜர்களை அனுப்பி, வியாழன், சனி என்று குறி தவறாமல் போகவைத்த புண்ணியவான்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் எண்பது மீட்டர் தள்ளியிருந்த கூடைக்குக் குறி வைத்தேன். தட்டு வேறு கிரகத்துக்குப் போயிற்று.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. முந்தின நாள் அக்கா பையனின் பழைய தட்டை வைத்துப் பழகியபோது சுமாராகவே வீசினேன். சும்மா இருந்திருக்கலாம். ஒன்பது வயசுப் பொடியனின் தட்டோடு போட்டிக்குப் போவதாவது என்று, கடையில் இருந்ததிலேயே வேகமான 'டிரைவர்' ஒன்று வாங்கினேன். விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. அது படுவேகமாக வீசுகிற கைக்குத்தான் நேராகப் போகுமாம். என்னைப் போல லெட்ஜர் புரட்டிய கைக்கு, கிளம்பின சுருக்கில் இடது பக்கம் சாய்ந்து தரை தட்டிவிடும். கூட ஆடிய தாத்தா ஒருவர், வேகம் குறைந்த தட்டை எடுக்கும்படி இரண்டு தடவை சொன்னார். கேட்டேனா? விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தவன் எப்படிக் கேட்பான்!

இந்த ஆட்டத்தில் அம்பயர் கிடையாது. கூட ஆடுகிறவர்களே எழுதிக்கொள்ள வேண்டியது. நான் பி.காம். என்று தெரிந்ததும் அட்டையையும் பென்சிலையும் என்னிடமே நீட்டிவிட்டார்கள்.

பதினோராவது கூடை. மூன்று மீட்டரிலிருந்து போட்டது சங்கிலிக்கு மேலே பறந்து, சரிவில் சக்கரம் மாதிரி உருண்டு போயிற்று. ஏறி வந்து மறுபடி போட்டு, மொத்தம் எட்டு. மற்ற மூன்று பேரும் அடுத்த கூடைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் பென்சில் ஏழு என்று எழுதிற்று.

பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற பொடியன் அட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா, எட்டு" என்றான் மெதுவாக.

வீட்டில் தமிழில் பேசச் சொன்னால் ஓடுகிற பையன். அங்கே நாலு பேருக்குப் புரிந்துவிடக் கூடாதே என்று தமிழில் சொன்னான். எனக்குக் காது சுட்டது. ஏழை அழித்து எட்டு போட்டேன். அவன் ஒன்றுமே நடக்காத மாதிரி தன் பழைய தட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். பதினாலாவது கூடையை மூன்றே வீச்சில் முடித்தேன்!

அதனால் ஒன்றும் நிமிரவில்லை. எங்கள் பிரிவில் கடைசி. அதுகூடப் பரவாயில்லை. பரிசு கிடையாது, பேப்பரில் பேர் வராது, ஊரில் யாருக்கும் தெரியவும் போவதில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் ஒரு வீச்சைக் குறைக்க என் கை ஏன் அவ்வளவு சுலபமாகப் போயிற்று? கார் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். காலேஜில் பிழைத் திருத்தம் என்று ஒரு பாடமே படித்தவன். நடைமுறையில் சொல்லிக்கொடுக்க ஒரு பொடியன் வேண்டியிருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்னடா, ஜெயிச்சியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பொடியன் முந்திக்கொண்டான். மாமாதான் கடைசி என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தான். இந்தத் தடவை இங்கிலீஷில்!