சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காடு போகாது. ராத்திரி சென்ட்ரலில் ஏறினால், விடியும் முன்பே உங்களைச் சேலத்தில் உதிர்த்துவிட்டு, தன் பாட்டுக்கு ஈரோடு போய்ப் படுத்துக்கொள்ளும். மலை ஏறுவது உங்கள் பொறுப்பு.

நான் மலை ஏறியது எழுத்துப் பட்டறைக்காக. ஐந்து நாள், தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ரூ. 4,500. எதிர் ஃப்ளாட்காரரிடம் சொன்னபோது, "பட்டறைன்னா வெல்டிங்கா ஸார்?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். பி.காம். படித்துவிட்டு, ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருஷம் வவுச்சர் டிக் அடித்துவிட்டு, ராஜினாமா செய்து நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிற ஒருவனை யாரும் எழுத்தாளன் என்று சட்டென்று நம்புவதில்லை. நானே நம்புவதில்லை.

அசோகமித்திரனை 1973-ல் அயோவா பல்கலைக்கழகம் அழைத்து, பல தேசத்து எழுத்தாளர்களோடு மாதக்கணக்கில் தங்க வைத்தது. திரும்பி வந்து அந்த அனுபவத்தில் 'ஒற்றன்' எழுதினார். ரயிலில் அதைத்தான் படித்துக்கொண்டு போனேன். சேலம் வருவதற்குள் அவர் மேல் பொறாமையும் என் மேல் பரிதாபமும் சரிவிகிதத்தில் வந்துவிட்டன.

மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். ஏழாவதில் முன் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது. பதினொன்றில் குழந்தையின் அப்பா. நான் வைராக்கியமாக சில்வர் ஓக் மரங்களையும் அவற்றின் மேல் ஏறியிருந்த மிளகுக் கொடியையும் எண்ணிக்கொண்டு வந்தேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் பஸ் நின்றபோது, குளிர் காதுக்குள் புகுந்து விசாரித்தது.

பதிவு நோட்டில் 'தொழில்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பின்னால் நின்றவர் கனைத்ததும் 'சுயதொழில்' என்று எழுதிவிட்டேன். இட்லி மாவு அரைத்து விற்பவரும் அதைத்தான் எழுதுவார். அவருக்கு வருமானம் அதிகம்.

ரூமில் மூன்று கட்டில், ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். ஒரு கட்டிலில் தஞ்சாவூர்ப் பக்கத்து ரிடையர்டு தலைமை ஆசிரியர். மதியமே குறட்டை விட ஆரம்பித்தார், எதுகை மோனை தவறாமல். இன்னொன்றில் மதுரைப் பையன், பார்சல் ஆபீஸில் வேலை. சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு, பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிய ஐந்து கதைகளோடு வந்திருந்தான். என் பெயரைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நீங்கதானே அந்த மாமனார்?"

"மாமனார் இல்லப்பா, மாப்பிள்ளை."

"அதாண்ணே! ஆள் உள்ளே இருக்கும்போதே பாத்ரூம் லைட்டை ஆஃப் பண்ணுவாரே! எங்க ஆபீஸ்ல சத்தம் போட்டுப் படிப்போம். எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்கார்" என்றேன்.

பெட்டியைத் திறந்தேன். ஸ்வெட்டருக்கு அடியில் ஒரு பிரவுன் மப்ளர். நான் வைக்கவில்லை. என் மனைவி வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பாவின் மப்ளர்.

இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் மாமனார் இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். காலியான அறையில் லைட் எரிந்தால் ரத்தக் கொதிப்பு ஏறும் மனுஷன். அவர் போன பிறகும் அவரை வைத்துப் பதினோரு கட்டுரை எழுதிவிட்டேன், உயிரோடு இருப்பதாகவே. என்ன செய்ய, அவர்தான் என் மளிகைக் கடை பாக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி என் கட்டுரைகளைப் படிப்பதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். தப்பைக் கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். நான் பத்து மாதமாக ஒரு மனிதரை அதில் போட்டு வைத்திருந்தேன்.

சாயங்காலம் முதல் வகுப்பு. நடத்திய அம்மா நரைத்த தலை, கான்வாஸ் ஷூ. "உங்க வீட்டு மனுஷர் ஒருத்தரைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க மட்டும் சிரிக்க வைக்காம எழுதுங்க ஸார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஒரு மணி நேரம் பேப்பர் வெள்ளையாகவே இருந்தது. பக்கத்தில் மதுரைப் பையன் மூன்றாவது பக்கத்துக்குப் போய்விட்டான். ஜோக் இல்லாத வாக்கியம் எனக்கு எப்படி முடியும் என்றே தெரியவில்லை. கடைசியில் மப்ளரை எடுத்துச் சுற்றிக்கொண்டேன், குளிருக்காகத்தான். தைல வாசனை அடித்தது. எழுதினேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ராத்திரி நான்தான் துணைக்கு இருந்தேன். குழந்தைக்காக அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். இரண்டு மணி வாக்கில் கண் விழித்தவர், "மாப்பிள்ளை, லைட்டை அணைச்சிடுங்க, வீணா எரியுது" என்றார். நான் சிரித்தேன். "பில்லு நம்மளது இல்ல மாமா" என்றேன். மனசுக்குள் அப்போதே தலைப்புக்கூடப் போட்டுவிட்டேன். லைட்டை அணைக்கவில்லை. நர்ஸ் திட்டுவார் என்று ஒரு காரணம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கட்டுரையாக எழுதவும் முடியவில்லை, அதனால் மற்ற பதினொன்றையும் எழுதினேன்.

ராத்திரி சாப்பிட்டதும் டவர் கிடைக்கும் இடத்தைத் தேடினேன். சமையல்கட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் இரண்டு கோடு வந்தது.

"சாப்பிட்டீங்களா? குளிருதா?" என்றாள்.

"ஒரு பக்கம் எழுதினேன். படிக்கட்டா?"

"அப்பா பத்தியா?"

"ஆமா."

பதில் இல்லை. படித்தேன். முடித்த பிறகும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கட்டாகவில்லை.

"அணைச்சிருக்கலாம்ல" என்றாள்.

"அணைச்சிருக்கலாம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கடைசியா அதையா கேட்டார்?" என்றாள். அழுகையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். "திரும்பப் படிங்க. இந்தத் தடவை மெதுவா."

போனில் சார்ஜ் 6 சதவீதம். ரூமிலிருந்த ஒரே ப்ளக் பாயின்டில் தலைமை ஆசிரியரின் போன் இருந்தது. முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.