தொட்டிக்குள் கிடக்கும் சரக்கு

மார்ச் 29

வருஷக் கடைசி. செக்காலை ஆபீஸில் மேசை தெரியாத அளவுக்கு ஃபைல். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றின் சரக்குப் பட்டியல் வந்திருக்கிறது. சிமெண்ட், மணல், கலர்ப் பொடி ஒரு பக்கம். விற்கத் தயாரான கல் மறுபக்கம். நடுவில் ஒன்றுமே இல்லை. போன் போட்டேன். "தண்ணியில கெடக்கிறத யாரு தம்பி வாங்குவா? அதுக்கெதுக்கு வெல?" என்கிறார் முதலாளி.

மார்ச் 31

நேரில் போய் எண்ணினேன். இந்தக் கல்லைச் சுடுவதில்லை. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடி, பிறகு சாந்து. இறுகியதும் நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் வெயில். கண்ணாடி கழன்ற பின்தான் பூ சரியாக விழுந்ததா என்றே தெரியும்.

பேச்சுக்கு, தொட்டியில் 1,000 கல். கல்லுக்குப் பொருள் 20 ரூபாய், கூலியும் இதர செலவும் 15. பொருள் முழுக்க உள்ளே போய்விட்டது: 20,000. வேலை 80 சதவீதம் என்றால் 12,000. ஆக 32,000 ரூபாய் தண்ணீருக்குள். இதை விட்டால் இந்த வருஷ லாபம் அவ்வளவு குறையும். அடுத்த வருஷம் வெறும் 3,000 ரூபாயில் 1,000 கல் பிறந்ததாகக் கணக்கு சொல்லும்.

80 என்பதில்தான் வம்பு. நாள்கணக்கை வைத்துப் பார்த்தால் வேலை பாதிகூட ஆகவில்லை. கூலியை வைத்துப் பார்த்தால் அநேகமாக முடிந்துவிட்டது. நான் கூலி பக்கம். பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தாரின் ஐந்தொகையில் இந்தத் தலைவலி வந்திருக்காது. பணத்தைப் பாதி செய்து வைக்க முடியாதே!

ஏப்ரல் 2

கணக்கியல் தரநிலை 2-ன்படி, சரக்கை வைத்திருக்கும் செலவு அடக்க விலையில் ஏறாது. அடுத்த கட்டத்துக்குப் போக அந்தக் காத்திருப்பு கட்டாயம் என்றால் ஏறும். ஆகவே தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் கரண்ட் சேரும். காய்ந்து அடுக்கிய கல்லுக்கு ஷெட் வாடகை சேராது.

"அப்ப ஒடஞ்சது?" என்றார் முதலாளி. வழக்கமான உடைசல் நல்ல கல்மேல் ஏறும் அண்ணே, அதற்கு மேல் போனால் இந்த வருஷச் செலவு என்றேன்.

ஒரு தொட்டி பாக்கி. தனி நிறம் கேட்டவர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். இறுகிய சிமெண்ட் மறுபடி மூட்டைக்குள் போகாது. விற்றால் வரும் தொகையில் மீதி வேலைக்கும் விற்பதற்கும் ஆகும் செலவைக் கழித்து, அது அடக்கத்தைவிடக் குறைந்தால் அதையே வைக்க வேண்டும். "பாதி வெலைக்குத்தான் கேக்குறாங்க" என்கிறார். அப்படி விலை கேட்டவரிடம் எழுதி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.