ஒரகடம் சாலையில் ஒரு பாட்டு

வீரப்பாட்டு எனக்கு ஆகாது. கடாரம் வென்றதைப் பாடும் கவிஞர்களை இந்தப் பக்கங்களிலேயே நையாண்டி செய்தவன். போன மாதம் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் திரும்பும் பஸ்ஸில், கனடியப் பாடகர் ஸ்டான் ரோஜர்ஸ் 1981-இல் வெளியிட்ட 'நார்த்வெஸ்ட் பாஸேஜ்' கேட்டேன். வாத்தியம் இல்லை, குரல்கள் மட்டும். 1845-இல் பிராங்க்ளின் இரண்டு கப்பல்களில் ஆர்க்டிக் பனிக்கடலில் வழி தேடிப் போனார். போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தச் சாவுகளை வீரமாக்கியிருந்தால் அணைத்திருப்பேன். பாடுகிறவனோ மாலுமி அல்ல, நெடுஞ்சாலையில் காரில் மேற்கே போகிற சாதாரண ஆள். செத்தவர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறான், அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் தொண்டை அடைத்தது.

நெரிசலில் பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் நின்றிருந்தது. ஷிஃப்ட் முடிந்த பையன்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினார்கள். ஒடிசா, பீகார் முகங்கள். இவர்கள் கணக்குத் தொடங்க வரும்போது படிவத்தில் சொந்த ஊரின் பெயரைச் சரிபார்ப்பவன் நான். அது எங்கே இருக்கிறது, எத்தனை நாள் பயணம் என்று ஒருவனையும் கேட்டதில்லை.

1025 படையெடுப்பைப் பாடும் ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் பிடித்த ஊர்களெல்லாம் வரிசையாக இருக்கின்றன, கப்பலேறிய ஆட்களின் ஊர் ஒன்றும் இல்லை என்று குறைப்பட்டு எழுதியவனும் நானே.