சுவரில் ஒரு மிதிவண்டி

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் பினாங்கு சென்றிருந்தோம். எம் பாட்டனார் கணக்கெழுதிய கடையைக் கண்டு, படமெடுத்து வரவேண்டுமென்பது முதுமையுற்ற எம் தந்தையாரின் ஆசை. ஜார்ஜ் டவுன் நகரில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வெளியே வந்து தெருத்தெருவாய் வினவினோம். அறிந்தார் ஒருவருமில்லை.

சோர்வுடன் அண்மையிலிருந்த ஆர்மீனியன் தெருவினுள் திரும்பினோம். அங்கே ஒரு கூட்டம்! பழஞ்சுவரொன்றில் சிறுமியொருத்தி மிதிவண்டி ஓட்டுகின்றாள். பின்னிருக்கும் தம்பி அவளைப் பற்றிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கின்றான். பிள்ளைகள் இருவரும் ஓவியம். மிதிவண்டியோ சுவரில் பொருத்திய மெய்யான பழைய வண்டி. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவுக்கென வரைந்தது. வேறு தெருக்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களையும் கண்டோம். அவ்வத் தெருவின் பழங்கதையை நகைச்சுவையோடு சொல்பவை அவை. ஓவியமென்றால் சட்டமிட்டு உயரத்தில் மாட்டுவது என்றே வகுப்பில் பேசிவந்த எமக்குச் சற்று நாணமாகவே இருந்தது.

பாட்டனார் பாக்கி தண்டச் சென்றதும் மிதிவண்டியில்தான் எனப் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வரிசையில் நின்று, எம் மகளை அவ்வண்டியருகே நிறுத்திப் படமெடுத்தோம்.

ஊர் திரும்பியதும் தந்தையாரிடம் அதைத் தந்தோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கடை எங்கே?”

“கடை இல்லை, வாப்பா.”

படத்தை அவர் திருப்பித் தரவில்லை.